அல்வாலுக்குக் கொண்டுபோன கோடிச் சேலை

செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியதும் பர்ஸைத் தேடுவதற்கு முன்னால் துணிப்பையைத்தான் தடவிப் பார்த்தேன். சேலை பத்திரமாக இருந்தது. தலைக்கடியில் வைத்துப் படுத்ததில் பிரவுன் தாள் கசங்கியிருந்தது, அவ்வளவுதான். வெளிர் நீலம், விரல் அகலத்துக்கு ஒரு கரை. என் மனைவி ஒரு மத்தியானம் முழுக்க சிவகாசிக் கடைகளில் அலைந்து எடுத்தது. யாருக்கு என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். கோடிக்கு என்றதும் பேச்சை நிறுத்திவிட்டு மடித்துக் கொடுத்தாராம்.

விஷயம் இதுதான். என் தங்கை சுமதியின் கணவர் முருகேசன் இறந்துபோனார். தகனத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் எரித்து முடித்திருந்தார்கள், மறுநாளே திரும்பிவிட்டேன். இப்போது பதினாறாம் நாள் காரியம். எங்கள் பக்கத்து வழக்கப்படி அன்றைக்கு விடிவதற்கு முன்னால் பெண்ணின் தாலியை இறக்குவார்கள். இறக்கியதும் அவள் தலைமேல் பிறந்த வீட்டுப் புதுச்சேலை விழவேண்டும். அதைக் கோடி என்போம். போடவேண்டியவன் கூடப்பிறந்தவன். அவன் கோடியோடு வந்து நிற்காமல் யாரும் தாலியில் கை வைக்க மாட்டார்கள்.

சிவகாசியில் எங்கள் தெருவில் இதையெல்லாம் விட்டுப் பல வருஷமாகிறது. ஒரு சேலையைக் கையில் கொடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். சுமதி வாழ்க்கைப்பட்ட குடும்பம் வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்டுக்கு ரொட்டி சப்ளை செய்ய வந்த குடும்பம். வரும்போது ஊர் வழக்கத்தையெல்லாம் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊர் மாறியது அவர்களுக்குத் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

நான் இதைப் பற்றிப் பேச யோக்கியதை உள்ளவனா என்று கேட்டால் சங்கடம்தான். தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. ராகுகாலம், எமகண்டம், கரிநாள், சந்திராஷ்டமம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வீட்டுச் சுவர்களுக்குப் போகின்றன. அதில் ஒன்றையும் நான் பார்ப்பதில்லை. ஜிலேபிக் கடைக்காரன் ஜிலேபி தின்னாத கதை.

துக்க வீட்டில் போய்ப் பசிக்கிறது என்று நிற்க முடியாது என்பதால் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் இட்லி சாப்பிட்டேன். நம்மூரில் சாம்பாரைக் கேட்காமலே ஊற்றுவார்கள். இங்கே வேர்க்கடலைச் சட்னியும் ஓர் இஞ்சிப் பச்சடியும் வைத்தார்கள். இஞ்சிப் பச்சடி முதலில் இனித்தது, பிறகு காது வரை எரிந்தது. பக்கத்தில் நின்று சாப்பிட்ட இரண்டு பேர் தெலுங்கில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாடகையைப் பற்றி முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் எப்போதும்போல் இருப்பதைப் பார்த்தால் துக்கத்துக்குப் போகிறவனுக்குக் கோபம் வரும். எனக்கு வந்தது.

அல்வாலில் அவர்கள் வீடு முதல் மாடி. கூடத்தின் மூலையில், முருகேசனைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், மேலே சின்னத் தட்டு. சொம்பை ஒட்டிச் சுவரில் சாய்ந்து முருகேசனின் அம்மா பாக்கியத்தம்மாள் உட்கார்ந்திருந்தார். நான் அவரை அத்தை என்பேன். என்னைப் பார்த்ததும் அழவில்லை. "கோடி கொண்டாந்தீங்களா தம்பி?" என்றுதான் கேட்டார்.

"ஆமா அத்தை."

"நல்லது. உக்காருங்க. டீ குடிங்க."

டீ கொடுக்கக் கூப்பிடுவதுபோல் சுமதி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் எதையும் ஏன் என்று கேட்கிறவள் அவள்தான், அடி வாங்குகிறவளும் அவள்தான். இளைத்துப் போயிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது.

"அண்ணே, சேலைய பையவிட்டு வெளிய எடுக்காத" என்றாள்.

"ஏம்மா?"

"தாலிய நானா ஒரு நாள் கழட்டி வைப்பேன். என்னைக்குன்னு எனக்கே தெரியல. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. பத்துப் பேரு சுத்தி உக்காந்து, தலை நெறைய பூ வச்சு, கை நெறைய வளையல் போட்டு, பெறகு அதை அடிச்சு ஒடைக்கிறதுக்கு நான் என்ன பொம்மையா? நீ கோடி போடலைன்னா அவங்களால ஒண்ணும் செய்ய முடியாது. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அண்ணனாக இருந்து இப்படி ஒரு காரியம் செய்ய எத்தனை பேருக்கு வாய்க்கும்!

மத்தியானமே அவள் அத்தையிடம் நேராகச் சொல்லிவிட்டாள். மற்ற காரியம் எல்லாம் நடக்கட்டும், இது மட்டும் வேண்டாம் என்றாள். கொதித்துப்போனது முருகேசனின் அக்கா கஸ்தூரி. போவன்பள்ளியில் குடியிருக்கிறவர், காரியத்துக்காக இங்கேயே தங்கியிருந்தார்.

"கைக்கு? கைக்கு வேணாம்? எங்கம்மா உக்காந்தா, நான் உக்காந்தேன், உனக்கு மட்டும் என்ன?" என்றார். ஏன் என்பதைக்கூட 'கைக்கு' என்று தக்காணி உருதுவில் கேட்கிறவர், இதில் மட்டும் ஊர் வழக்கத்தை நூல் பிசகாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தை முன்னால் இருந்த தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். சோறும் ரசமும் அப்படியே இருந்தன. ராத்திரியும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையிலும் அதேதான். இட்லி வேண்டாம், காப்பி வேண்டாம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொம்பின் மேல் தட்டை எடுத்துக் காட்டினார்.

"பாருங்க தம்பி. நேத்து ஊத்துன தண்ணி. ஒரு மொடக்கு கொறைஞ்சிருக்கா?"

"மூடி வச்சிருக்கீங்களே அத்தை."

"அவனுக்கு மூடி என்ன பண்ணும்? குடிக்கிறதா இருந்தா குடிச்சிருப்பான். வர மாட்டேங்கான். உசுரு ஒடம்ப விட்டாலும் பதினாறு நாளும் வாசப்படியிலதான் நிக்கும். இங்கிட்டு உள்ள வரவும் முடியாது, அங்கிட்டு நடக்கவும் முடியாது. அவன் கட்டுன கயிறு அவ கழுத்துல கெடக்கிற வரைக்கும் அது அவன இழுத்துக்கிட்டேதான் இருக்கும். கயிறு எறங்குனாத்தான் என் புள்ள நடை எடுத்து வைப்பான்."

அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். பஸ் ரூட் சொல்வதுபோல் சொன்னார்.

பத்து மணி வாக்கில் காரியத்துக்குப் பேசியிருந்த தெலுங்குப் புரோகிதர் வந்தார். எள், தர்ப்பை, பிண்டம் பிடிக்க மாவு என்று வேண்டியதைச் சொன்னார். பிண்டம் வைக்க வைக்கத்தான் போனவருக்கு ஒரு சூட்சும உடம்பு உண்டாகிறது, அந்த உடம்போடுதான் ஒரு வருஷம் நடந்து பித்ருக்கள் இருக்கும் இடத்துக்குப் போகிறார் என்று விளக்கினார். வாசல் வரை போய் வழிமறித்து, தாலி இறக்காவிட்டால் ஆத்மா நின்றுவிடுமா என்று கேட்டேன். அவர் ஹிந்தியில் சொன்னதன் சாரம் இது: "ஆத்மாவைக் கட்டக்கூடிய கயிறு எதுவும் கிடையாது. அவரவர் கர்மாதான் கூடப் போகும். நீங்கள் கேட்பது உங்கள் பெண்களின் வழக்கம். அதில் நான் தலையிட மாட்டேன்."

லாட்டரி விழுந்தவன்போல் உள்ளே ஓடி அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்லவருதான். ஆனா அவரு தெலுங்குக்காரரு தம்பி. நம்ம கயித்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

காய்கறி வாங்கப் போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு நானும் சுமதியின் மகள் நிவேதாவும் கிளம்பினோம். நிவேதா காலேஜில் படிக்கிறாள். நான் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் வரும். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நம்மூரில் வருஷம் முழுக்கப் பெய்வதை இங்கே அரை மணி நேரத்தில் கொட்டுகிறார்கள். முழங்கால் தண்ணீரில் ஆட்டோ இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. டிரைவர் எங்களைத் திட்டினார், பிறகு கார்ப்பரேஷனைத் திட்டினார், பிறகு மூன்று பேருமாகத் தள்ளினோம். நிவேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரித்தால் என்ன, சிரி என்றேன். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

முருகேசன் அந்த மார்க்கெட்டில்தான் ஒரு வெங்காய மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்ததும் அங்கேதான். மண்டிக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு, டீயும் உப்பு பிஸ்கட்டும் வரவழைத்தார். நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். உருதுவில் சொன்னதை நிவேதா மெதுவாக இங்கிலீஷில் எனக்குச் சொன்னாள்.

"இதோ இந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். வேர்க்கிறது என்றார். கொஞ்சம் தண்ணீர் கொடு பாய் என்றார். பானையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. நானே ஓடினேன். அந்தக் கடைக்குப் போய் பாட்டில் வாங்கித் திரும்புவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. வாயில் ஊற்றினேன், வெளியே வழிந்துவிட்டது. உங்கள் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் என்ன கேட்டான் என்று கேட்டார்கள். அல்லாவுக்கு முன்னால் பொய் சொல்ல முடியுமா? சொல்லிவிட்டேன்."

நிவேதா டீயைக் கீழே வைத்துவிட்டாள். நானும் வைத்துவிட்டேன். மண்டிக்காரர் ஒரு மூட்டை வெங்காயத்தை ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அடுப்படியில் சுமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மண்டிக்காரர் சொன்னதைச் சொன்னேன். கேட்டதைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத வாய் எனக்கு. முருகேசன் தண்ணீர் கேட்டது சுமதிக்குத் தெரியாது. அத்தை தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கீரைத்தண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நிவேதாதான் முதலில் பேசினாள். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "மம்மி, பாட்டி தூங்கும்போது நான் சொம்பிலிருந்து பாதித் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். காலையில் பார்த்துவிட்டு அப்பா குடித்துவிட்டார் என்று நம்புவாள். சாப்பிடுவாள். உன்னையும் விட்டுவிடுவாள். யாருக்கும் தெரியாது."

எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. தலையைக்கூட ஆட்டிவிட்டேன்.

"வேணாம்" என்றாள் சுமதி.

"மம்மி, ப்ளீஸ்."

"வேணாம்டி. அவங்க புள்ளைக்குத் தண்ணி கொடுக்கறதுல பொய் சொல்லக் கூடாது." கீரையைத் தட்டில் வைத்தாள். "அவங்க அந்தச் சொம்பு பக்கத்துல எதுக்கு உக்காந்திருக்காங்கன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது. ரெண்டு நாளா அவங்களும் தண்ணி குடிக்கலண்ணே. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், அடம் புடிக்காங்கன்னு நெனச்சேன்."

"அதுக்காக நீ..."

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. இன்னமும் இல்ல. அவங்களுக்கு இருக்கே. தாலி மட்டும் எறக்கிக்கிறேன். பூவு, வளையல் ஒண்ணும் வேணாம்னு சொல்லிரு. நாளைக்குச் சேலைய எடு."

தாலி மட்டும் என்று நான் கஸ்தூரியிடம் சொன்னேன். சரி சரி என்பதற்கு 'ஹவ், ஹவ்' என்று தலையாட்டினார். அத்தை அன்றைக்கு ராத்திரி அரை டம்ளர் பால் குடித்தார்.

விடிகாலையில் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் புருஷனை இழந்தவர்கள். மற்றவர்களை எதிர்வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நிவேதாவையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். நான் பையோடு வாசலில் நின்றேன், கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார் கஸ்தூரி. சுமதி தலை குளித்து வந்து மணையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் கஸ்தூரி முந்தானைக்குள்ளிருந்து ஒரு பந்து மல்லிகையையும் இரண்டு டஜன் கண்ணாடி வளையலையும் எடுத்தார்.

"அக்கா, அது வேணாம்னு சொன்னோமே" என்றேன் வாசலிலிருந்தே.

"ஆம்பளைங்க சும்மா இருங்க. கயிறு எறக்கிட்டு இதை விட்டா எப்புடி? பாதி பண்ணுனா பண்ணாத மாதிரிதான்."

சுமதி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். நான் சத்தம் போடுவேன் என்று அவள் எதிர்பார்த்தாளா, போட வேண்டாம் என்று நினைத்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு பூ வைத்ததில்லை. பொட்டு ஒரு ரூபாய் அகலத்துக்கு வைத்தார்கள். அழகாக இருந்தாள். அதுதான் அந்தச் சடங்கிலேயே கொடுமையான பகுதி, அழகாக்கிவிட்டுத்தான் அடிக்கிறார்கள். பிறகு கஸ்தூரி ஒரு கல்லை எடுத்தார். சத்தம் வந்தது. பெண்கள் ஓவென்று அழுதார்கள். சுமதி அழவில்லை. மணிக்கட்டில் ஒரு இடத்தில் ரத்தம் வந்தது, அதை அவள் மஞ்சள் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தாலியை இறக்கியது அத்தை. முடிச்சு அவிழவில்லை. சுமதியே குனிந்து கழுத்தைக் காட்டி, "மெதுவா அத்தை, அவசரமில்ல" என்றாள். பால் கிண்ணத்தில் கயிறு விழுந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் நீலச் சேலையைப் பிரித்து அவள் தலைமேல் போட்டேன். கடை மடிப்பு கலையாமல் அது விறைப்பாக நின்றது. சரிசெய்யக் கை போனது, தொடக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் செய்த வேலைகளிலேயே எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்த வேலை வேறெதுவும் இல்லை.

அத்தை நேராகச் சொம்பிடம் போய்த் தட்டை எடுத்துப் பார்த்தார். "கொறைஞ்சிருக்கு" என்றார். "என் சாமி குடிச்சிட்டான்." அப்போதுதான் அழுதார், சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். நானும் எட்டிப் பார்த்தேன். முந்தின நாள் இருந்த மாதிரியேதான் எனக்குத் தெரிந்தது. காலையில் பிண்டம் வைத்து முடிந்ததும் அத்தை இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதுவரை அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. அன்றைக்கு வடை சுட்டார்கள், நன்றாகவே இருந்தது. நானும் மூன்று தின்றேன் என்பதை மறைக்க முடியாது. வயிறு யாரைக் கேட்கிறது?

அடுத்த நாள் மத்தியானம் கிளம்பினேன். நிவேதா கார் பிடித்திருந்தாள். வழிக்கு எலுமிச்சை சாதமும் மோர் மிளகாயும் கட்டி, பையில் வைத்திருந்தாள் சுமதி. காலையில் நன்றாகத்தான் பேசினாள், என் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக்கூடத் திட்டினாள். கார் கீழே வந்து ஹாரன் அடித்தது. அத்தை வந்து நின்றார், கஸ்தூரி நின்றார், நிவேதா பையைத் தூக்கிக்கொண்டாள். சுமதியைக் காணவில்லை.

அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"நீ எறங்கி வண்டியில ஏறுண்ணே. நான் பெறகு போன் பண்றேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"வெளிய வா. மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

"வேணாம்ணே. நீ தூரம் போற ஆளு. கெளம்பும்போது நான் எதுக்க வரக் கூடாது."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. திரும்பிக் கஸ்தூரியைப் பார்த்தேன். தான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் இரண்டு கையையும் விரித்தார். அத்தையும் தலையை ஆட்டினார். "நான் சொல்லுவேனா தம்பி? நான்தான் அவள வரச் சொன்னேன்" என்றார்.

"யாரும் சொல்லலண்ணே, அவங்களத் திட்டாத" என்றாள் சுமதி.

"அப்புறம் என்ன? படிச்சவ நீ. இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைன்னு முந்தாநேத்துத்தானே சொன்ன?"

கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"அவரு அன்னிக்குக் கெளம்புனப்ப நான்தான் எதுக்க நின்னேன். பூவும் பொட்டுமா நின்னு அனுப்புனேன். அவரே திரும்பி வரல. இப்ப உன் எதுக்க எப்படிண்ணே வருவேன்? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

கதவுக்கு இந்தப் பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. தள்ளினால் திறந்துவிடும். நான் உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி நின்றேன். கீழே மறுபடியும் ஹாரன் அடித்தார்கள்.

"நல்லபடியாப் போயிட்டு வா" என்றாள். "ஊர்ல எறங்குனதும் சொல்லு. அதுக்கப்பறந்தான் நான் வாசலுக்கு வருவேன்."

நான் கதவைத் தள்ளவில்லை. படியிறங்கிவிட்டேன்.

ரயில் நல்லபடியாகவே போனது. பக்கத்து சீட்டுக்காரர் தன் மூன்று மகள்களின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். எலுமிச்சை சாதத்தைப் பாதி அவருக்குக் கொடுத்தேன். சென்னையில் வண்டி மாறி, மறுநாள் சிவகாசியில் இறங்கினேன். பையைக் கீழே வைத்துவிட்டுப் பிளாட்பாரத்திலேயே நின்று போன் செய்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"எறங்கிட்டேன் சுமதி" என்றேன். "வெளிய வா."